கடல் கடந்து வந்த கருவியும் பாலுசாமி தீட்சிதரும்

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், நம் தோட்டப்புறத்து மக்கள் பலர் ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று வருவது வழக்கம். உறவினரைக் காண்பார் சிலர். தீபாவளித் துணிமணி வாங்குவார் சிலர். எதன்பொருட்டுச் சென்றாலும் சிராங்கூன் சாலையை மிதியாமல் திரும்புவார் எவருமிலர். அங்கே வீரமாகாளியம்மன் கோயிலின் மணியோசையும், நாகசுரமும் தவிலும், கடைதோறும் எழும் பாட்டொலியும் நம் செவிகளை நிறைக்கும். இசைவிழாக் காலமாயின், மாலையில் கச்சேரியும் கேட்கலாம். நடுவே பாடுவோர் அமர்ந்திருப்பார். ஒரு பக்கம் மிருதங்கக்காரர். மற்றொரு பக்கம், மார்பில் சாய்த்த சிறு பெட்டியின்மீது வில்லை இழுத்துக் குழைவாக ஒலி எழுப்புபவர் ஒருவர். நாம் இன்று வயலின் என்றும், நம் பாட்டன்மார் பிடில் என்றும் அழைத்த கருவி அது.

அக்கருவி நம் நாட்டில் பிறந்ததன்று. இத்தாலி நாட்டிலே பிறந்து, பல கடல்களைக் கடந்து, ஆங்கிலேயரின் கோட்டை வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்தது. எனினும் இன்று அது இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை எண்ணிப் பார்ப்பதே அரிது. அயலாருடைய கருவி நம்முடையதாக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் என்ற பெருமையைப் பெற்றவர் பாலுசாமி தீட்சிதர். அப்பெரியாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

சோழவள நாட்டின் திருவாரூர், ஆழித்தேரால் புகழ்பெற்ற ஊர். இசையாலும் அது பெரும்புகழ் பெற்றது. தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் ஆகிய இசை மும்மணிகளும் அவ்வூரிலேயே பிறந்தனர். அத்திருவாரூரில் 1786ஆம் ஆண்டு பாலுசாமி பிறந்தார். தந்தையார் இராமசாமி தீட்சிதர் பெரும் இசைப்புலவர். 108 இராகங்களும் தாளங்களும் அமைந்த மாலை போன்ற நெடும்பாடலை இயற்றியவர். மும்மணிகளுள் ஒருவரான முத்துசாமி, பாலுசாமியின் மூத்த தமையனார். சின்னசாமி என்பார் இன்னொரு தமையனார். பாலாம்பாள் என்னும் தமக்கையும் இருந்தார். வீடே ஓர் இசைப்பள்ளியாக விளங்கியது எனின் அது மிகையன்று.

பாலுசாமி பிறந்த அந்த 1786ஆம் ஆண்டை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாண்டில்தான் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் வணிகக் குழுவின் கொடியை ஏற்றினார். அவ்வாண்டில்தான் ஐரோப்பாவின் வியன்னா நகரில் மொசார்ட் என்னும் இசைமேதை, பிகாரோவின் திருமணம் என்ற தம் இசைநாடகத்தை முதன்முதலாக அரங்கேற்றினார். சோழநாட்டுக் குழந்தைக்கும், மலாயாக் கடற்கரைக்கும், வியன்னா அரங்கிற்கும் அன்று யாதொரு தொடர்பும் இருந்ததாக எவரும் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனிதரையும் சரக்கையும் ஏற்றி வந்த அக்கப்பல்களில் இசைக்கருவிகளும் இருந்தன.

பிடிலின் பிறப்பு

பிடில் பிறந்த கதையை இவ்விடத்தில் கூறுவது பொருந்தும். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் கலைகளும் கல்வியும் புதிதாகத் தழைக்கத் தொடங்கின. அதனை மறுமலர்ச்சிக் காலம் என்பர். அக்காலத்தில் ஐரோப்பியர் மீட்டி மகிழ்ந்த முதன்மையான கருவி லூட் என்பது. அது அராபியரின் ஊது என்னும் கருவியிலிருந்து தோன்றியது. வில்லால் இழுத்து வாசிக்கும் பழங்கருவி ஒன்றும் அராபியரின் இரபாப் என்பதிலிருந்தே வந்தது. ஆகவே ஐரோப்பியரும் பிறரிடமிருந்து பெற்றே தம் இசையை வளர்த்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வாசிக்கும் வியோல் என்னும் கருவியும் அந்நாளில் இருந்தது. அதற்கு நம் வீணைக்கு உள்ளது போன்ற மெட்டுகள் உண்டு, ஒலியோ மென்மையானது. பின்னர், 16ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில் மெட்டுகள் இல்லாததும் நான்கு நரம்புகள் உடையதும் உரத்த இனிய குரல் படைத்ததுமாகிய பிடில் உருவாயிற்று. கிரெமோனா என்னும் ஊரில் ஆந்திரேயா அமாத்தி என்னும் தச்சுக் கலைஞர் அதற்குச் சீரிய வடிவம் தந்தார். அதே ஊரில் வாழ்ந்த ஸ்திராதிவாரி (1644–1737) செய்த பிடில்கள் இன்றும் பெருஞ்செல்வமாகப் போற்றப்படுகின்றன. மேற்பலகைக்கு ஒரு மரம், அடிப்பலகைக்கு வேறொரு மரம், ஆட்டுக் குடலால் முறுக்கிய நரம்பு, குதிரைவால் மயிர் கட்டிய வில் என இவ்வெளிய பொருள்களிலிருந்தே அத்தேனிசை பிறந்தது. கைத்தொழிலாளியின் பொறுமையே அதன் உயிர்.

கிரெமோனாவிலே பிறந்த மொண்டெவெர்டி என்பவர் 1607இல் மாந்துவா நகர அரண்மனையில் ஓர்பேயோ என்ற இசைநாடகத்தை அரங்கேற்றினார். கதை முழுவதையும் பாட்டாகவே நடிப்பது இசைநாடகம்; ஆப்பரா என்பது அதன் ஐரோப்பியப் பெயர். நம் அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1637இல் வெனிசு நகரில், காசு கொடுப்போர் எவரும் கண்டு மகிழும் இசைநாடக அரங்கு திறக்கப்பட்டது. அரண்மனைக்குள் இருந்த கலை பொதுமக்களிடம் வந்தது. அரங்குகள் பெருகப் பெருகப் பிடில்களும் பெருகின. சிறியதும் பெரியதுமான பிடில் வகைகள் பல ஒன்றுசேர்ந்து ஒலிக்கும் பெரிய இசைக்குழுக்கள் தோன்றின. ஐரோப்பியர் எங்கே குடியேறினாலும் பிடிலும் உடன் சென்றது. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். மலாய் மக்கள் இக்கருவியைப் பியோலா என்று அழைப்பதும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்ததே.

மணலியும் கோட்டையும்

திருவாரூர்க் குடும்பத்திற்கு மீள்வோம். சென்னைக்கு வடக்கே மணலி என்னும் ஊர் உள்ளது. அங்கே முத்துக்கிருட்டிண முதலியார் என்ற செல்வர் வாழ்ந்தார். அவர் ஆங்கிலேய வணிகக் குழுவினர்க்குத் துபாசியாக, அதாவது இருமொழி அறிந்து இடைநின்று பேசுபவராக, விளங்கியவர். இராமசாமி தீட்சிதரின் புலமையை அறிந்து, அவரைக் குடும்பத்துடன் மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகனார் வேங்கடகிருட்டிண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். தமையனார் முத்துசாமி, சிதம்பரநாத யோகி என்னும் துறவியுடன் காசிக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கே தங்கிக் கற்றுத் திரும்பினார்.

1640ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் கட்டிய புனித சார்ச்சுக் கோட்டை சென்னைக் கடற்கரையில் இருந்தது. அங்கே படைவீரர்களின் பேண்டு வாத்தியக் குழுவினர் தம் நாட்டு மெட்டுகளை முழக்குவர். வேங்கடகிருட்டிண முதலியார் தம் வீட்டிலிருந்த இசைச் சகோதரர்களை அங்கே அழைத்துச் சென்று அவ்விசையைக் கேட்கச் செய்தார்.

அவ்விசை அவர்கள் செவிக்கு எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். நம் இசையில் ஓர் இராகம் ஒற்றை இழைபோல ஓடும். சுரங்கள் வளைந்தும் குழைந்தும் அசைந்தும் செல்லும். அந்த அசைவையே கமகம் என்பர். ஐரோப்பிய இசையிலோ சுரங்கள் படிக்கட்டுகள்போல் நேராக நிற்கும். பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை ஒலித்து ஒன்றாக இசையும். இரண்டும் வேறு வேறு வழிகள். வேறு வழியைக் கண்டதும் வெறுத்து ஒதுக்குவார் உலகில் உண்டு. வியந்து தம் வழியை மறப்பாரும் உண்டு. இச்சகோதரர்கள் இரண்டையும் செய்யவில்லை.

முத்துசாமி தீட்சிதர் தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளைச் சங்கராபரண இராகத்திற்கு உரிய சுரங்களில் அமைத்து, அவற்றுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்களை எழுதினார். ஏறத்தாழ 40 பாடல்கள் அவ்வாறு தோன்றின. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டிலும் அவற்றுள் ஒன்று உண்டு. அவற்றை நோட்டுசுரப் பாடல்கள் என்பர். குழந்தைகள் எளிதிற் பாடத்தக்கவை அவை. கச்சேரிகளின் இறுதியில் சில வேளை இங்கிலீஷ் நோட்டு என்று வாசிக்கப்படும் துள்ளல் இசையும் இவ்வழியில் வந்ததே ஆகும்.

மாணவராக அமர்ந்த மூன்று ஆண்டுகள்

தம்பி பாலுசாமியின் உள்ளமோ பிடிலிலே பதிந்தது. அவர் அப்போதே வீணை முதலிய கருவிகளில் பயிற்சி உடையவர். இசைக்குடும்பத்தில் பிறந்தவர், யாரிடமும் சென்று கற்கவேண்டிய தேவை தமக்கில்லை என்று இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. முதலியாரின் உதவியால் ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். மூன்று ஆண்டுகள் பிடிலை முறையாகக் கற்றார்.

இந்த மூன்று ஆண்டுகளையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். புதிய கருவியைக் கையிலெடுத்த மறுநாளே அதனைத் தம் விருப்பப்படி மாற்ற அவர் முனையவில்லை. வில்லை எவ்வளவு அழுத்துவது, விரலை எங்கே வைப்பது, நரம்பை எவ்வாறு கூட்டுவது என்பவற்றை அதனை நன்கறிந்தவரிடமே கேட்டுப் பயின்றார். முதலில் அயலார் முறையை முழுமையாக அறிந்தார். அதன் பின்னரே அதனைத் தம் இசைக்கு வளைத்தார்.

வீணையில் தந்தியை மீட்டியவுடன் ஒலி எழுந்து சிறிது சிறிதாகத் தேய்ந்துவிடும். பிடிலிலோ வில் ஓடும்வரை ஒலி ஓயாது. பாடுவோர் மூச்சைப் போலவே அது நீளும். மேலும், பிடிலுக்கு மெட்டுகள் இல்லை. ஆகவே விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். நம் இசையின் உயிராகிய கமகத்துக்கு இதைவிட ஏற்ற இடம் வேறு யாது? மனிதக் குரலைப் பின்தொடர்வதற்கென்றே செய்தது போன்ற கருவி அது என்பதைப் பாலுசாமியின் செவி உணர்ந்தது.

ஆயினும் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. அவை ஒருவராலோ ஒரே நாளிலோ நிகழ்ந்தவை அல்ல. பாலுசாமி தொடங்கிய வழியில் பின்வந்தோரும் சேர்ந்து நிறைவுசெய்தவை. ஐரோப்பியர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, பிடிலை மோவாயின் கீழ் இடுக்கி வாசிப்பர். நம்மவர் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் அடிப்பக்கத்தை மார்பிலும் தோளிலும் சாய்த்து, அதன் தலைப்பக்கத்தை வலக்காலின்மீது வைத்துக்கொள்வர். இதனால் கருவியின் பாரம் இடக்கையை விட்டு நீங்கும். கை மேலும் கீழும் தாராளமாகச் செல்லும். ஐரோப்பியர் நான்கு நரம்புகளையும் ஒன்றுக்கொன்று சட்சம், பஞ்சமம் என்னும் இடைவெளியில் தொடர்ச்சியாகக் கூட்டுவர். நம்மவர் சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், மேற்பஞ்சமம் எனப் பாடுவோரின் சுருதிக்கு இசையக் கூட்டுவர். கருவியில் ஒரு மரத்துண்டைக்கூட மாற்றவில்லை. பிடிக்கும் முறையும் கூட்டும் முறையும் மாறின. கருவி தமிழிசை பேசியது.

பிரிவும் எட்டயபுரமும்

கலைஞர் வாழ்வு என்றும் இன்பமாகவே இருப்பதில்லை. மணலி வாழ்க்கைக்குப் பின் குடும்பம் திருவாரூருக்குத் திரும்பியது. தந்தையார் 1817இல் இயற்கை எய்தினார். ஆதரவு தேடிச் சின்னசாமியும் பாலுசாமியும் தெற்கு நோக்கிச் சென்றனர். மதுரையில் சின்னசாமி இறந்துபட்டார். உடன்பிறந்தானை இழந்து தனியராய் நின்ற பாலுசாமி, இராமேசுவரத்துக்குத் தலயாத்திரை சென்று திரும்பும் வழியில் எட்டயபுரம் அரசரின் ஆதரவைப் பெற்றார் என்று கூறுவர். அவ்வரசவையில் இசைவாணராக அமர்ந்து, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

எட்டயபுரம் சிற்றூரேயாயினும் தமிழுக்குப் பெருந்தொண்டு செய்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அங்கே வாழ்ந்தார். பாட்டுக்கொரு புலவன் எனப் போற்றப்படும் பாரதியார் 1882இல் அங்கேயே பிறந்தார். சிங்கப்பூர்த் தமிழர்க்கும் அவ்வூர்ப் புலவரின் பெயர் அயலன்று. கடையநல்லூர் மக்கள் முயன்று அங்கே நிறுவிய தமிழ்ப்பள்ளி உமறுப்புலவரின் பெயரையே தாங்கியது. அப்பள்ளி 1982இல் மூடப்பட்டபோதிலும், சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையம் அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது.

தம்பிமார்க்கு நேர்ந்ததைக் கேள்வியுற்ற முத்துசாமி தீட்சிதர், அவர்களைத் தேடிப் புறப்பட்டார். பாலுசாமி எட்டயபுரத்தில் இருப்பதை அறிந்து அங்கே சென்று சேர்ந்தார். நெடுநாள் பிரிந்த உடன்பிறப்புகள் மீண்டும் கூடினர். பின்னாளில் முத்துசாமி எட்டயபுரத்திலேயே தங்கினார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நன்னாளில் அவர் அங்கே மறைந்தார். அவருடைய நினைவிடத்தை இன்றும் அவ்வூரிற் காணலாம். அரண்மனைக் கொண்டாட்டத்தில் இருந்த ஊர், அன்று இசைமணி ஒன்றை இழந்தது.

விதை மரமாகியது

பாலுசாமி இட்ட விதை வீண்போகவில்லை. தஞ்சையில் முத்துசாமி தீட்சிதரிடம் பயின்ற உடன்பிறந்தார் நால்வருள் ஒருவர் வடிவேலு. அவரும் பிடிலில் வல்லவரானார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்துப் பாராட்டினார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியின் அரண்மனையிலும் ஐரோப்பிய இசை முழங்கியது. அடுத்த தலைமுறைகளில் திருக்கோடிகாவல் கிருட்டிண ஐயர், மலைக்கோட்டைக் கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை, துவாரம் வேங்கடசாமி நாயுடு முதலிய பெருங்கலைஞர்கள் தோன்றிப் பிடிலை வானளாவ உயர்த்தினர்.

பாலுசாமி எட்டயபுரத்தில் வாசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிடிலின் தாய்நாட்டிலும் இசை புதிய உயரங்களை எட்டியது. பாகனீனி (1782–1840) என்னும் இத்தாலியர், மனிதரால் இயலுமோ என்று கேட்போர் மலைக்கும் வண்ணம் பிடில் வாசித்தார். உள்ளத்து உணர்ச்சியையே முதன்மையாகக் கொண்டதால் அக்காலத்து இசையை உணர்ச்சி மரபு இசை எனலாம். 1813ஆம் ஆண்டு பிறந்த இருவர் இசைநாடக உலகை ஆண்டனர். ஒருவர் இத்தாலியின் வெர்டி. மற்றவர் செருமனியின் வாக்னர். வெர்டியின் இசைநாடகப் பாடல்களை இத்தாலியில் தெருவிற் செல்வோரும் பாடினர். அங்கே அரங்கின் முன்னே பல பிடில்கள் ஒன்றாய் முழங்கின. இங்கே ஒரே பிடில், ஒரே குரலுக்கு நிழல்போல் தொடர்ந்தது. இரண்டிடத்தும் கேட்டவர் கண்கள் பனித்தன.

பாலுசாமி தீட்சிதர் எழுபது வயதைக் கடந்து, 1850ஆம் ஆண்டுகளின் இறுதியில் மறைந்தார். தம் மகள் வயிற்றுப் பேரனாகிய சுப்பராமரை மகனாக ஏற்று வளர்த்திருந்தார். அச்சுப்பராம தீட்சிதர் (1839–1906) தம் குடும்பத்தார் காத்த பாடல்களையெல்லாம் சுரக்குறிப்புகளுடன் தொகுத்து, 1904இல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற பெருநூலாக அச்சிட்டார். அம்முயற்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் ஒருவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவத் தமிழர். அவர் நம் இசைப்பாடல்களை ஐரோப்பியர் எழுதும் ஐங்கோட்டு முறையில் எழுதி வெளியிட்டவர். பாட்டனார் அயலாரின் கருவியை நம் இசைக்குக் கொணர்ந்தார். முதலியார் நம் இசையை அயலாரின் எழுத்துக்குக் கொண்டு சென்றார். இருவழிப் பாதையாயிற்று.

சிங்கப்பூரில் ஒலிக்கும் பிடில்

இனி நாம் புறப்பட்ட இடமாகிய சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1819இல் ஆங்கிலேய வணிகக் குழு அங்கே துறைமுகம் அமைத்தபோது பாலுசாமிக்கு வயது 33. அவ்வாண்டிலேயே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முதலிய தமிழர் அங்கே குடியேறினர். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. அதே 1827ஆம் ஆண்டில்தான் இங்கே சியாமா சாத்திரிகளும், அங்கே வியன்னாவில் பீத்தோவன் என்னும் பெரும் இசைமேதையும் மறைந்தனர். சென்னைக் கோட்டையை ஆண்ட அதே வணிகக் குழுதான் சிங்கப்பூரையும் ஆண்டது. சென்னைப் படைவீரரும் அங்கே காவல் புரிந்தனர். ஆகவே, கோயிலின் நாகசுரமும் படையின் பேண்டும் அந்நகரின் தொடக்கக் காலம் முதலே அடுத்தடுத்து ஒலித்து வந்தன.

மலாய் மக்களின் இசைநாடகமாகிய பங்சாவானிலும் பிடில் இடம்பெற்றது. 1928இல் சுமத்திராவிலிருந்து சிங்கப்பூர் வந்த சுபிர் சையது (1907–1987) அத்தகைய நாடகக் குழு ஒன்றில் பணியாற்றியே இசையில் முன்னேறினார். அவர் இயற்றிய மஜுலா சிங்கபுரா என்னும் பாடல், 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் விக்டோரியா அரங்கில் முதன்முறையாக அரங்கேறியது. ஐரோப்பிய இசையை முறையாகக் கற்றுப் பலர்க்கும் கற்பித்த பால் அபிசேகநாதன் என்னும் தமிழர் நிறுவிய இசைக்குழுவே அன்று அதனை இசைத்தது. மலாய்ப் புலவர் இயற்ற, தமிழர் நடத்த, ஐரோப்பியக் கருவிகள் முழங்கிய அப்பாடல் அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் நாட்டுப் பண்ணாயிற்று. அந்நகரில் 1949இல் தொடங்கப்பெற்ற இந்திய நுண்கலைக் கழகத்தில் இன்றும் சிறுவர் சிறுமியர் சம்மணமிட்டமர்ந்து பிடிலை மார்பில் சாய்த்துச் சரளி வரிசை பயில்கின்றனர். 1979இல் உருவான சிம்பனி இசைக்குழுவிலோ, அதே பிடிலை மோவாயின் கீழ் வைத்துக் கலைஞர்கள் வாசிக்கின்றனர். கருவி ஒன்றே, பேசும் மொழிகள் இரண்டு.

நாம் கொள்ளத்தக்க பாடம்

மாணவர்களே! உங்கள் வாழ்விலும் பாலுசாமியின் முன் நின்ற கேள்வியே நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கற்கிறீர்கள். பிறர் மொழியையும் கலையையும் கற்றால் நம்முடையது அழிந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உள்ளனர். நம்முடையதைக் கைவிட்டாலன்றி முன்னேற இயலாது என்று எண்ணுவோரும் உள்ளனர். இரண்டும் பிழை என்பதற்குப் பாலுசாமி தீட்சிதரின் வாழ்க்கையே சான்று. அவர் தம் இசையில் ஊன்றி நின்றமையால் அயல் கருவியைக் கண்டு அஞ்சவில்லை. அதனை அரைகுறையாகக் கல்லாமல் மூன்றாண்டு முயன்று கற்றமையால், அதனைத் தம் வழிக்குக் கொணர முடிந்தது. ஊன்றிய காலும் திறந்த செவியும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

பெற்றோர்களே! வைகறையில் எழுந்து மரம் சீவியும், செம்பனைக் குலை சுமந்தும் நீங்கள் ஈட்டும் பொருளில், பிள்ளைகளின் கலைப்பயிற்சிக்கென ஒதுக்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் கலை செல்வர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. பிடிலைப் படைத்தவர் மரத்தை இழைத்து வாழ்ந்த கைத்தொழிலாளர். கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் நம் பிள்ளைகள் பாடும்போது அருகமர்ந்து கேளுங்கள். நன்றாகக் கேட்கப் பழகிய பிள்ளை, நன்றாகக் கற்கவும் பழகும். கோட்டை வாயிலில் நின்று கேட்ட செவிகளிலிருந்துதான் இத்தனையும் தொடங்கின.

அடுத்தமுறை சிராங்கூன் சாலைப் பக்கம் செல்லும்போது, எங்கேனும் ஒரு மாடத்திலிருந்து பிடிலோசை மிதந்து வருமாயின், சிறிது நின்று கேளுங்கள். கிரெமோனாவின் தச்சரையும் எட்டயபுரத்தின் பெரியாரையும் ஒருங்கே நினைவுகூருங்கள். அந்நினைவே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.